ரொக்கெட் சிமுலேஷன் உள்ள என்ன நடக்குது, அது காட்டுற உயரத்தை எப்ப நம்பலாம்

“சிமுலேஷன் போட்டுப் பார்த்தேன், 320 மீட்டர் போகும்.” மொடல் ரொக்கெட்ல ஆசை வச்சவங்க கூடுற எடத்துல இந்தப் பேச்சு கட்டாயம் வரும். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை பக்கம் ஸ்கூல்ல தண்ணி ரொக்கெட் செய்ற பிள்ளைங்க, கேம்பஸ் போயி ரொக்கெட் டீம்ல சேர்ந்தவங்க, ஃபோன்ல வீடியோ பார்த்தே பாதி படிச்சவங்கன்னு நம்ம பக்கத்துல இதுல எறங்குறவங்க கூடிக்கிட்டே வர்றாங்க, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம். ஆனா அந்த 320ஐ எடுத்துக்குற விதத்துல நிறையக் குழப்பம் இருக்கு. கொம்பியூட்டர் சொன்னா முடிஞ்ச கணக்குன்னு சில பேரு நம்புறாங்க, சில பேரு அதெல்லாம் சும்மா படம் காட்டுற வேலைன்னு ஒரேயடியா தள்ளுறாங்க. இது ரெண்டையும் விட ஆழமான தப்பு மூணாவது ஒண்ணு இருக்கு: ஒரு தடவை பறக்கவிட்டு, உயரம் கிட்டத்தட்ட ஒத்துப்போனதும் “சொஃப்ட்வெயார் சரி”ன்னு முடிவு கட்டுறது. முக்கியமா அந்த மூணாவதுக்காகத்தான் இதை எழுதுறேன், ஆனா அதுக்கு வர்றதுக்கு முன்னால உள்ள என்ன ஓடுதுன்னு தெரிஞ்சாகணும்.

கொஞ்சம் கொஞ்சமா கணக்குப் பார்க்குறது

பேங்க்ல ஒரு லோன் எடுத்திருக்கீங்கன்னு வச்சிக்குவோம். மிச்சம் இருக்குற தொகைக்கு வட்டி ஏறும், கட்டுன தவணை கழியும், புது மிச்சம் ஒண்ணு வரும், அடுத்த தரம் வட்டி அந்தப் புது மிச்சத்துக்குத்தான். மிச்சத்தைப் பொறுத்து வட்டி, வட்டியைப் பொறுத்து மிச்சம்னு ரெண்டும் ஒண்ணை ஒண்ணு புடிச்சிக்கிட்டு இருக்குறதால மூணு வருஷம் கழிச்சி எவ்வளவு கடன்னு கேட்டா ஒவ்வொரு மாசமா நடந்துதான் போயி பார்க்கணும். நாளுக்கு நாள் ஏறுற வட்டியை வருஷத்துக்கு ஒரு தரம் மட்டும் கணக்குப் பார்த்தா விடை பிழைச்சிப் போகும்.

ரொக்கெட்லயும் அதே சிக்கல்தான். வேகம் கூடக் கூட வளித்தடை கூடுது, வளித்தடை கூடுனா வேகம் ஏறுறது குறையுது, வேகம் மாறுனதால அடுத்த நொடியில வளித்தடையும் மாறுது. அதனால சொஃப்ட்வெயார் பறப்பு முழுசையும் சின்னச் சின்ன துண்டா வெட்டுது, ஒரு துண்டு 0.01 செக்கன்னு வச்சிக்கலாம், இந்தத் துண்டுக்குப் பேரு டைம் ஸ்டெப். ஒவ்வொரு துண்டுலயும் இப்ப ரொக்கெட் மேல என்னென்ன விசை இருக்குன்னு கூட்டிக் கழிச்சி, அதைத் திணிவால வகுத்து ஆர்முடுகலை எடுத்து, அதை வச்சி வேகத்தையும் வேகத்தை வச்சி உயரத்தையும் புதுசாக்கி, அடுத்த துண்டுக்குப் போகும்.

நம்பரோட பார்த்தா இன்னும் லேசு. 100 கிராம் ரொக்கெட், இந்த நொடியில மோட்டர் 6 நியூட்டனால தள்ளுது, இப்பத்தான் கிளம்புது அதனால வளித்தடை இல்ல. நிறை சுமார் 0.98 நியூட்டன். 6ல இருந்து 0.98 போக 5.02, அதை 0.1 கிலோவால வகுத்தா ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 50 மீட்டர். 0.01 செக்கன்ல வேகம் 0.5 கூடும். அவ்வளவுதான், இதையே திருப்பித் திருப்பி, ஒரு நிமிஷப் பறப்புக்கு 6,000 தடவை செய்றதுதான் சிமுலேஷன். ஓ லெவல் சயன்ஸ்ல நியூட்டனோட ரெண்டாவது விதி படிச்ச ஒருத்தருக்கு இதுக்கு மேல புது விஞ்ஞானம் ஒண்ணும் தேவைப்படாது, கையால செஞ்சா கொப்பி முடிஞ்சி போகும்ங்கிறதால மெஷினைச் செய்யச் சொல்றோம்.

மூணு விசை, மூணும் மாறிக்கிட்டே இருக்கும்

மோட்டர் தள்ளுறது உந்துவிசை, பூமி இழுக்குறது நிறை, வளி தடுக்குறது வளித்தடை. ஏறுறதைக் கணக்குப் பார்க்க இந்த மூணு போதும்.

கடையில விக்கிற மோட்டர்ல சி6-5 மாதிரி ஒரு பேரு ஒட்டியிருக்கும். முதல் எழுத்து மொத்தக் கணத்தாக்கு எந்த வகுப்புன்னு சொல்லுது, அதாவது உந்துவிசையை அது நீடிக்கிற நேரத்தால பெருக்குனா வர்ற மொத்த அளவு. ஒவ்வொரு எழுத்து ஏறும்போதும் உச்ச அளவு ரெண்டு மடங்காகும், பி 5 நியூட்டன் செக்கன் வரைக்கும், சி 10 வரைக்கும். நடு நம்பர் சராசரி உந்துவிசை, கடைசி நம்பர் மோட்டர் எரிஞ்சி முடிஞ்சி எத்தனை செக்கன் கழிச்சி பரசூட்டைத் தள்ளிவிடும்ங்கிறது. இங்கதான் புதுசா வர்றவங்க தடுக்கி விழுறாங்க, சி6ன்னா ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் 6 நியூட்டன்னு நினைச்சிர்றாங்க. நிஜத்துல பத்தவச்ச கால் செக்கனுக்குள்ள 14 நியூட்டன் கிட்ட ஏறி, பிறகு 4, 5 பக்கத்துக்கு இறங்கி, ரெண்டு செக்கன் ஆகுறதுக்குள்ள முடிஞ்சிரும். நேரத்துக்கு நேரம் உந்துவிசை எவ்வளவுங்கிற அந்தக் கோடுதான் உந்துவிசை வளைகோடு, த்ரஸ்ட் கர்வ். சான்றிதழ் வாங்குன மோட்டர்களோட வளைகோடு ஃபைலா இலவசமாக் கிடைக்குது, சொஃப்ட்வெயார் அதைத்தான் வாசிக்குது. எரிய எரிய மோட்டர் பாரமும் குறையும், அதையும் ஒவ்வொரு துண்டுலயும் கழிக்கணும்.

வளித்தடை நாலு சாமானைப் பொறுத்தது: வளியோட அடர்த்தி, வேகத்தோட வர்க்கம், ரொக்கெட்டோட குறுக்குப் பரப்பு, அதோட இழுவைக் குணகம்னு ஒரு நம்பர். இந்தக் கடைசி நம்பருக்குள்ள மூக்கோட வடிவம், வால் பக்கத்துச் சிறகு, அதாவது ஃபின், எவ்வளவு தடிப்பு, பெயின்ட் வழவழப்பா சொரசொரப்பா, எல்லாமே அடங்குது, அதனால இதுதான் நாம குறைவா அறிஞ்ச நம்பர். 25 மில்லிமீட்டர் விட்டம், குணகம் 0.6, கடல்மட்ட வளின்னு எடுத்தா செக்கனுக்கு 50 மீட்டர் வேகத்துல தடை 0.45 நியூட்டன், 100 மீட்டர் வேகத்துல 1.8. வேகம் ரெண்டு மடங்கு, தடை நாலு மடங்கு. 100ல போகும்போது தடை ரொக்கெட்டோட நிறையையே தாண்டிருச்சி பாருங்க, அதனாலதான் “பெரிய மோட்டர் போட்டா ரெண்டு மடங்கு உயரம்”ங்கிற மனக்கணக்கு பலிக்கிறதில்ல.

இதுவரைக்கும் பார்த்தது: சிமுலேஷன்னா மூணு விசையைச் சின்ன நேரத்துண்டுகள்ல திரும்பத் திரும்பக் கூட்டுறது. உள்ள போற நம்பர்ல உந்துவிசை வளைகோடு ஓரளவு நல்லாத் தெரிஞ்சது, இழுவைக் குணகம் பெரும்பாலும் ஊகம்.

நம்ம மலையில வளி வேற

இது மலையகத்துல இருக்குற நமக்கு ரொம்ப முக்கியம், வெளியில எழுதுன கையேடுகள்ல மேலோட்டமாத்தான் வரும், அதனால கொஞ்சம் நின்னு பார்ப்போம்.

அநேகமா எல்லா சொஃப்ட்வெயாரும் நியம வளிமண்டலம்னு ஒரு பொதுக் கணக்கை வச்சிருக்கு. கடல்மட்டத்துல 15 பாகை செல்சியஸ், அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 பாகை குறையும். நுவரெலியா டவுன் 1,868 மீட்டர்ல இருக்கு. அந்தக் கணக்குப்படி அங்க 3 பாகைதான் இருக்கணும்! நுவரெலியா குளிர்தான், தை மாசி விடியக்காலையில உருளைக்கிழங்குத் தோட்டத்துல உறைபனி பிடிக்கிறதும் உண்மைதான், ஆனா ரொக்கெட் விடுற பகல் நேரத்துல 16, 18 பாகை இருக்கும். சூடான வளி அடர்த்தி குறைஞ்சது, அதனால 16 பாகையில அங்க அடர்த்தி சுமாரா 0.98, நியமக் கணக்கு சொல்றதோ 1.02. ஏவுற எடத்து உயரத்தைப் போடாம கடல்மட்டம்னே விட்டுட்டா பிழை 25 வீதம், உயரத்தை மட்டும் போட்டு வெப்பநிலையை மறந்தா 4 வீதம்.

அது பறப்புல என்ன செய்யும்? 90 கிராம் ரொக்கெட், மேல சொன்ன அதே விட்டம் அதே குணகம், மோட்டர் முடியும்போது செக்கனுக்கு 70 மீட்டர் வேகம்னு எடுங்க. அதுக்குப் பிறகு மோட்டர் இல்லாம சும்மா மேல போற பகுதிக்கு கோஸ்ட்னு பேரு. வளியே இல்லேன்னா கோஸ்ட்ல 250 மீட்டர் ஏறும், கடல்மட்ட வளியில 173, நுவரெலியா வளியில 183. எறங்கும்போது நேர்மாறா, அதே 45 சென்டிமீட்டர் பரசூட் கடல்மட்டத்துல செக்கனுக்கு 3.4 மீட்டர்ல எறக்கும்னா நுவரெலியாவுல 3.8 கிட்ட எறக்கும், ஃபின் ஒடையிறதுக்கு அந்த வித்தியாசமே போதும்.

நேரா போகுமாங்கிற கேள்வி

ரொக்கெட் தலைகீழாப் புரளாம போறதுக்கு ரெண்டு புள்ளி முக்கியம். ஒண்ணு புவியீர்ப்பு மையம், ரொக்கெட்டை ஒரு நூல்ல கட்டித் தூக்குனா சமமா நிக்கிற எடம். மத்தது அமுக்க மையம், பக்கவாட்டா வளி தள்ளுறதெல்லாம் ஒண்ணு சேர்ந்து ஒரே புள்ளியில தள்ளுறதா எடுத்துக்கிட்டா அந்தப் புள்ளி. அமுக்க மையம் புவியீர்ப்பு மையத்துக்குப் பின்னால இருக்கணும், குறைஞ்சது உடம்போட ஒரு விட்டம் அளவாவது. அப்பத்தான் மூக்கு சாய்ஞ்சாலும் வளி ஃபின்னைத் தள்ளி நேராக்கி விடும்.

அமுக்க மையத்தைக் கணக்கிடுற வழியை ஜேம்ஸ் பரோமன் 1966ல மொடல் ரொக்கெட்காரங்களுக்குக் கொடுத்தாரு, நாசாவுல வேலை செஞ்சவரு, இன்னைக்கும் பொழுதுபோக்கு சொஃப்ட்வெயார்களோட அடித்தளம் அதுதான். ஆனா அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை இருக்கு: வளி ரொக்கெட்டுக்கு நேர் எதிரா, சாய்வு ரொம்பக் குறைவா வரணும், 10 பாகைக்கு உள்ளன்னு வச்சிக்கலாம். இப்ப ஊவா பக்கம் கச்சான் காத்து வீசுற மாசத்துல ஹப்புத்தளை மாதிரி ஒரு எடத்துல விடுறீங்க, ஆரம்பத்துல ரொக்கெட்டை நேராப் புடிச்சிருக்குற ஏவு கம்பியை விட்டு அது கிளம்புற வேகம் செக்கனுக்கு 15 மீட்டர், குறுக்கால காத்து 5 மீட்டர். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா வளி 18 பாகை சாய்வுல வந்து மோதுது. கணக்கோட நிபந்தனை அந்த எடத்துலயே ஒடஞ்சிருச்சி, ஆனாலும் சொஃப்ட்வெயார் ஒரு தயக்கமும் இல்லாம அழகா ஒரு கோடு கீறிக் காட்டும். காத்து வரும் பக்கத்துக்கே ரொக்கெட் மூக்கைத் திருப்பிக்கிட்டு போறதை, வெதர்கொக்கிங்னு சொல்லுவாங்க, அது எவ்வளவுங்கிறதுலயும் உயரம் எவ்வளவு குறையும்ங்கிறதுலயும் அந்த நேரம் நம்பரை இறுக்கிப் புடிக்கக் கூடாது.

எழுதுறது

நேர் மேல மட்டும் போற ஒரு சிமுலேட்டரை பைத்தன்ங்கிற புரோகிராம் மொழியில நூறு வரிக்குள்ள எழுதிரலாம். வளைகோட்டு ஃபைல்ல ரெண்டு நேரத்துக்கு நடுவுல வர்ற உந்துவிசையை இடைமதிப்பா எடுக்கணும், ஏவு கம்பியை விட்டுக் கிளம்புறது, மோட்டர் முடியிறது, உச்சி, பரசூட், தரைன்னு ஒவ்வொரு கட்டத்தையும் புரோகிராம் கவனிக்கணும். மேல போகும்போது தடை கீழ்நோக்கி, கீழ வரும்போது தடை மேல்நோக்கி, இந்தக் குறியை மறந்தா பரசூட் ரொக்கெட்டைத் தரைக்குள்ள அனுப்பும். ரொக்கெட் சாய்றது உருளுறது எல்லாம் வேணும்னா கணக்கு பெருசாகும், அதுக்கு ஓப்பன்ரொக்கெட், ரொக்கெட்பை மாதிரி திறந்த மூல சொஃப்ட்வெயார்கள் இருக்கு, அதோட புரோகிராம் வரிகளை யாரும் வாசிக்கலாம். ஆனா ஒரு தரமாவது சொந்தமா சின்னதா ஒண்ணு எழுதிப் பாருங்கன்னுதான் சொல்லுவேன், எந்த எடத்துல ஊகம் ஒளிஞ்சிருக்குன்னு அப்பத்தான் கண்ணுக்குத் தெரியும்.

கணக்கு சரியா, கணக்குப் போட்டது சரியா

இப்ப வர்ற ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறதுதான் நான் எல்லாரிடமும் பார்க்குறது. முதலாவது வெரிஃபிகேஷன்: எடுத்த சமன்பாட்டை புரோகிராம் பிழையில்லாமத் தீர்க்குதா. ரெண்டாவது வெலிடேஷன்: அந்தச் சமன்பாடு நிஜ ரொக்கெட்டுக்குப் பொருந்துதா. முதலாவதுக்கு ரொக்கெட்டே வேணாம், வீட்டுல உக்காந்தே முடிச்சிரலாம்.

எப்படின்னா, விடை முன்னமே தெரிஞ்ச கேள்வியை புரோகிராமுக்குக் கொடுக்குறது. வளியையும் மோட்டரையும் நிப்பாட்டிட்டு செக்கனுக்கு 50 மீட்டர்ல மேல எறிங்க, 127.4 மீட்டர் ஏறணும், உச்சிக்கு 5.1 செக்கன் எடுக்கணும். பிறகு வளியைப் போட்டு, மேல சொன்ன 90 கிராம் கோஸ்ட்டைக் கொடுங்க. அடர்த்தி மாறாதுன்னு வச்சா அதுக்கு நேரடிச் சூத்திரம் இருக்கு, 173ங்கிறது அதுல இருந்து வந்ததுதான், புரோகிராமும் 173 சொல்லணும், 180 சொன்னா எங்கயோ பிழை. அடுத்தது டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கிப் பாருங்க, விடை கணிசமா மாறுனா ஸ்டெப் பெருசு. சும்மா நேரடியா கூட்டிக்கிட்டுப் போற எளிய வழி ஒய்லர் முறை, அதுல ஸ்டெப்பைப் பாதியாக்குனா பிழையும் சுமார் பாதியாகும். ஒரு துண்டுக்குள்ள நாலு எடத்துல விசையைப் பார்த்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு பங்கு கொடுத்துச் சேர்க்குறது ரங்கே குட்டா முறை, அதுல பிழை 16ல ஒரு பங்காகும். உங்க புரோகிராம்ல அப்படிக் குறையலேன்னா அல்கோரிதம் எழுதுனதுலயே கோளாறு. இந்தச் சோதனை ரொம்ப அழகானது, நிஜ டேட்டா ஒண்ணுமே இல்லாம பிழையைப் புடிச்சிக் கொடுக்குது.

இன்னொரு சொஃப்ட்வெயார்ல போட்டு ரெண்டும் ஒரே உயரம் காட்டுனா வெலிடேஷன் ஆயிருச்சின்னு சொல்றாங்களே, அது ஆகாது. ரெண்டுமே பரோமன் கணக்கு, ரெண்டுமே நியம வளிமண்டலம், ரெண்டுக்கும் நீங்க கொடுத்தது அதே திணிவு. ஒரே ஊகத்தை ரெண்டு பேருகிட்ட சொல்லித் திருப்பிக் கேட்ட கணக்குத்தான்.

நிஜப் பறப்போட பொருத்திப் பார்க்குறது

இங்க உச்சி உயரம் ஒண்ணை மட்டும் பார்த்தா ஏமாந்து போவோம். ரொக்கெட்டோட திணிவைக் கொஞ்சம் குறைச்சிப் போட்டு, இழுவைக் குணகத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டா ரெண்டு பிழையும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கிட்டு உச்சி மட்டும் சரியா வந்து நிக்கும். அதனால முழு வளைகோட்டையும் பக்கத்துல வச்சிப் பார்க்கணும்: மோட்டர் முடியும்போது வேகம் என்ன, கோஸ்ட்ல வேகம் எப்படிக் குறையுது, உச்சிக்கு எத்தனை செக்கன், பரசூட்ல எறங்குற வேகம் என்ன. ஒவ்வொண்ணும் வேற வேற நம்பரைச் சோதிக்குது. முதலாவது பொருந்தலேன்னா மோட்டரையும் திணிவையும் சந்தேகப்படணும், எறங்குற வேகம் மட்டும் பொருந்தலேன்னா பரசூட் குணகம். உள்ள ஆர்முடுகலை அளக்குற அக்ஸிலரோமீட்டர் இருந்தா இன்னும் நல்லம், மோட்டர் முடிஞ்சி மேல போற நேரத்துல அது காட்டுறது வளித்தடையால வர்ற பங்கு மட்டும்தான், புவியீர்ப்பு அதுல தெரியாது. அதனால இழுவைக் குணகத்தை நேராவே அதுல இருந்து எடுக்கலாம்.

இப்ப அல்டிமீட்டர். ரொக்கெட்ல வைக்கிற சின்ன அல்டிமீட்டர் உயரத்தை நேரடியா அளக்குறதில்ல, வளியமுக்கத்தை அளந்து அதை உயரமா மாத்துது. கடல்மட்டத்துல மீட்டருக்கு சுமார் 12 பஸ்கால் குறையும், நுவரெலியாவுல 10க்கும் கொஞ்சம் கம்மி. மாத்துற சூத்திரத்துக்குள்ள மறுபடியும் அந்த நியம வளிமண்டலம் ஒக்காந்திருக்கு! 1,868 மீட்டர்ல 3 பாகைன்னு அது நினைக்குது, நிஜம் 16 பாகை, சூடான வளியில மீட்டருக்கு அமுக்கம் குறையிற அளவு கம்மி, அதனால அல்டிமீட்டர் சுமார் 5 வீதம் குறைச்சிக் காட்டும். ரொக்கெட் உண்மையா 300 மீட்டர் போனா திரையில 287. சில அல்டிமீட்டர், முக்கியமா ஆர்டுயினோங்கிற சின்ன எலக்ட்ரோனிக் போர்ட்ல நாமளே செய்றது, நிக்கிற தரையையே அடியா வச்சி அங்க 15 பாகைன்னு எடுத்துக்கும், அது நுவரெலியாவுக்குத் தற்செயலாப் பொருந்திரும், ஆனா பதுளையில 28 பாகை வெயில்ல அதே அல்டிமீட்டர் 4, 5 வீதம் குறைச்சிக் காட்டும். உங்ககிட்ட இருக்குறது எந்த ரகம்னு கட்டாயம் தெரிஞ்சி வச்சிக்கணும்.

இதுல இருந்துதான் அந்த மூணாவது தப்பு முளைக்குது. சிமுலேஷன் 300, அல்டிமீட்டர் 287. உடனே இழுவைக் குணகத்தைக் கொஞ்சம் ஏத்திவிட்டா சிமுலேஷனும் 287 ஆகிரும், “இப்ப மெச் ஆகுது”ன்னு சந்தோஷப்படுறாங்க. வெப்பநிலையில இருந்த பிழையை வளித்தடைக்குள்ள போட்டு மூடிட்டாங்க, பெரிய மோட்டர் போட்டு வேகம் கூடுனதும் அது வேற அளவுல வெளியில வரும். நம்பரைத் திருகிப் பொருத்துறதுக்குப் பேரு கெலிப்ரேஷன். அது தேவையான வேலைதான், அதைக் குறையாச் சொல்லல, ஆனா எந்தப் பறப்பை வச்சிப் பொருத்துனீங்களோ அதே பறப்பைக் காட்டி சொஃப்ட்வெயார் சரின்னு நிரூபிக்க முடியாது. ஒரு பறப்புல பொருத்துங்க, பிறகு ஒரு நம்பரையும் தொடாம வேற மோட்டர், வேற நாள், முடிஞ்சா வேற எடத்துக்கு எதிர்பார்க்குற உயரத்தை பறக்குறதுக்கு முன்னாலயே எழுதி வைங்க. அது பொருந்துனாத்தான் வெலிடேஷன்.

சுருக்கமா: விடை தெரிஞ்ச கேள்வியால புரோகிராமைச் சோதிக்குறது வெரிஃபிகேஷன், ஒரு பறப்புக்கு நம்பரைப் பொருத்துறது கெலிப்ரேஷன், தொடாத நம்பரோட அடுத்த பறப்பை முன்கூட்டியே சொல்றது வெலிடேஷன்.

எவ்வளவு பொருந்துனா போதும்னு கேட்பீங்க. ஓப்பன்ரொக்கெட்டை பின்லாந்துல சம்போ நிஸ்கனென் 2009ல தன்னோட முதுமாணி ஆய்வா எழுதுனப்ப நிஜப் பறப்புகளோட ஒப்பிட்டுப் பார்த்தாரு, உயரம் சுமார் 10, 15 வீத அளவுல பொருந்துனதா அதுலயே எழுதியிருக்காரு. அவ்வளவு கவனமாச் செஞ்சதுக்கே அந்த அளவு வித்தியாசம்னா, 320.4 மீட்டர்னு புள்ளிக்குப் பின்னால வர்ற இலக்கத்தைப் பார்த்து மயங்க ஒண்ணும் இல்ல. ஒரே பெட்டியில வந்த ரெண்டு மோட்டர்கூட ஒரே மாதிரி எரியிறதில்ல. அதனால ஒரு விடையை எடுக்காம திணிவு, குணகம், காத்து, மோட்டர் எல்லாத்தையும் சந்தேகம் இருக்குற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி ஆயிரம் தடவை ஓடவிட்டு, 290ல இருந்து 340க்குள்ளன்னு ஒரு எல்லையை எடுக்குறதுதான் நேர்மையான வழி, மொன்டே கார்லோன்னு சொல்றது இதைத்தான்.

விழுற எடம்

நிறைய சொஃப்ட்வெயார் தரை தட்டையா இருக்குன்னு எடுத்துக்கும். நம்ம ஊர்ல தட்டைத் தரையை எங்க தேடுறது? கிரௌண்ட்ல இருந்து விட்டா அந்தப் பக்கம் தேயிலை மலை சரிஞ்சி ஆத்துக்குப் போகும். ஏவுன எடத்தை விட 100 மீட்டர் கீழ போயி விழுந்தா, 3.8 மீட்டர் வேகத்துல எறங்குற ரொக்கெட் இன்னும் 26 செக்கன் வானத்துல தொங்கும், காத்து 5 மீட்டர்னா 130 மீட்டர் மேலதிகமா தள்ளிக்கிட்டு போகும். அது லயத்துக் கூரையா இருக்கலாம், கொழுந்து எடுக்குற ஆளுங்க நிக்கிற எடமா இருக்கலாம். அதோட தரையில அளந்த காத்து மலை முகட்டுக்கு மேல இருக்குற காத்து இல்ல, பகல்ல வெயில் ஏற ஏற காத்து பள்ளத்துல இருந்து சரிவு வழியா மேல ஏறும். விழுற எடத்தைப் பொறுத்தவரை சிமுலேஷன் காட்டுற வட்டத்தை விடப் பெரிய வட்டத்தை காலி பண்ணி வைங்க, மூடுபனி இருந்தா அன்னைக்கு விடவே வேணாம், தோட்டத்துல முன்னமே கேட்டு, ஆளுங்க இல்லாத நேரமாப் பாருங்க. மோட்டர்ல இருக்குறது எரிமருந்து, அனுமதி இல்லாம கொண்டு வர்றதும் வீட்டுல கலக்குறதும் கூடவே கூடாது.

மோட்டர் கிடைக்காதவங்க இதெல்லாம் நமக்கு எட்டாதுன்னு விட்டுரத் தேவையில்ல. தண்ணி ரொக்கெட்ல தண்ணியும் அமுக்கமும் தீர்ந்த பிறகு நடக்குறதும் அதே கோஸ்ட்தான், அதே சூத்திரம்தான். போத்தலோட திணிவை தராசுல நிறுங்க, விட்டத்தை அளங்க, ஸ்லோ மோஷன் வீடியோவுல பின்னால ஒரு அளவு கம்பை வச்சி தண்ணியும் அமுக்கமும் முடியிற நேரத்து வேகத்தை எடுங்க. உச்சியை அளக்க ஏவுற எடத்துல இருந்து 50 மீட்டர் தள்ளி ஒருத்தர் நின்னு ஃபோன்ல சாய்வுக் கோணத்தைப் பார்த்தா போதும், 45 பாகைன்னா அவரோட கண்மட்டத்துக்கு மேல 50 மீட்டர். வேகமும் உயரமும் கையில இருந்தா இழுவைக் குணகம் வந்திரும், அதை வச்சி அடுத்த போத்தலை முன்கூட்டியே சொல்லிப் பார்க்கலாம். ரெண்டு பேரு ரெண்டு பக்கத்துல நின்னு அளந்தா காத்துல சாய்ஞ்சி போனதும் தெரியும். ஆனா நம்ம கிரௌண்ட்கள்ல ஒண்ணை மறக்காதீங்க: அளக்குறவரு ஏவுற எடத்தை விடச் சரிவுல 4 மீட்டர் கீழ நின்னா அந்த 4ஐ உயரத்துல இருந்து கழிக்கணும், தூரத்தையும் சரிவு வழியா இழுத்து அளக்காம கிடைமட்டமா எடுக்கணும்.